முப்பத்தோரு நியூட்ரான்கள்

அலாரம் வீறிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

ஆராய்ச்சிக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அணுக்கருக்களை வேகமாகப் பாயவிடும் முடுக்கி இயந்திரத்தில் அவளுக்கு ஒதுக்கிய ஐந்து நாளில் நான்கு மணி நேரம்தான் பாக்கி. இதை விட்டால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. ஒரு நொடிகூடத் தாங்காத அணுக்கருவை அசுர வேகத்தில் மெல்லிய பெரிலியத் தகட்டில் மோதவிட வேண்டும். ஒரு நியூட்ரான் கழன்றுபோகும். மிச்சம் எந்த வேகத்தில் பறக்கிறது என்று அளந்தால், கழன்ற நியூட்ரான் உள்ளே இறுக்கமாக இருந்ததா, ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் திரிந்ததா என்று தெரிந்துவிடும். இப்படிக் கழன்றவை பத்தாயிரம் தேவை. நேற்றுவரை ஏழாயிரம். இன்று முப்பத்தொன்று.

முடுக்கியை இயக்குபவர் அவளுடைய அக்கா கணவர். அதுதான் வினை. வெளியாள் என்றால் திட்டுவதற்கு ஓர் அளவு இருந்திருக்கும்.

காலை எட்டு மணிக்கு, தகடே இல்லாத வெற்றுச் சட்டத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அளந்தாள். தகட்டில் படாமல் வேறெங்கோ கழல்பவற்றைக் கணக்கிலிருந்து கழிக்க எல்லோரும் செய்வதுதான். அது முடிந்ததும் மாமா தொலைபேசியில் தகட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தகடு தன் பாடு, அவர் பீமை, முடுக்கியிலிருந்து பாய்ந்து வரும் அணுக்கருக் கற்றையை, பார்த்தால் போதும் என்று வாயை அடைத்தாள். அவரும் ரோஷக்காரர். அதற்குப் பிறகு "சரிம்மா" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. பீம் விலகுகிறது என்றாள், சரிசெய்தார். காந்தத்தில் கோளாறு என்றாள், அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அலாரம் அடித்தது. அதற்கும் அவரையே திட்டினாள்.

பீம் திரும்ப வந்தது. கால் மணி நேரமாகியும் முப்பத்தொன்று அசையவில்லை.

விருட்டென்று எழுந்து இயக்கறைக்குப் போனாள். மாமா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பீம் நேரா வருதுங்கறீங்க. அப்புறம் ஏன் மாமா ஒண்ணும் கழல மாட்டேங்குது?"

அவர் பிஸ்கட்டை மென்று முடித்தார். தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"காலையிலேருந்து வெறும் சட்டம்தாம்மா நிக்குது. அதைச் சொல்ல வந்தப்பதான், உங்க வேலையை மட்டும் பாருங்கன்னுட்ட."