சாப் கோ மே முடிந்து வாங்கிய சிவப்பு கவுன்

பெவர்லிக்குக் கிறிஸ்மஸ் பிப்ரவரியிலேயே வந்துவிடும். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சிரித்தவர்கள்தான் டிசம்பரில் யானை விலை கொடுத்துத் துணி வாங்கிவிட்டு அவளிடம் வந்து புலம்புவார்கள்.

ஜார்ஜ்டவுனில் துறைமுகத்தைப் பார்த்தாற்போல இருக்கும் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் அவள் குமாஸ்தா. எந்தக் கப்பல் எப்போது வரும், எது சொன்ன நாளில் வராது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. துணி விலை ஏறுவதும் இறங்குவதும் அதைவிட அத்துப்படி. சீனப் புத்தாண்டுக்கு ஊரே சிவப்பு உடுத்தும். பதினைந்தாம் நாள், சாப் கோ மே அன்று, பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சு வீசுவார்கள். அது முடிந்த மறுநாள் சிவப்புத் துணியைச் சீந்த ஆள் இருக்காது. இணையக் கடைக்காரர்கள் மிஞ்சிய சிவப்பையெல்லாம் அள்ளிக் கொட்டுவார்கள். அப்போது வாங்கி, விமானம் வேண்டாம், கப்பலிலேயே வரட்டும் என்று போட்டுவிட்டால் அனுப்பும் கூலியும் மிச்சம். நடுவில் ஹரிராயா, அதாவது நோன்புப் பெருநாள், பார்சல் நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் பாதகமில்லை, கிறிஸ்மஸுக்குத்தான் எவ்வளவோ நாள் கிடக்கிறதே!

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு அவள், கணவன் ஜெஃப்ரி, மகள் நவோமி மூன்று பேரும் ஒரே நிறத்தில்தான் போவார்கள். ஒரே நிறம் என்றால் ஒரே நிறம்தான். ஜெஃப்ரியின் சட்டை ஒரு சாயல் மங்கினாலும் பெவர்லி வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு சிக்கல், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. பிள்ளைத் துணியை எப்போதும் ஓர் அளவு கூட்டியே வாங்குவாள்.

நவோமிக்கு ஏழு வயதானபோது அந்த வழி அடைபட்டது. ஒருநாள் காலையில் கண் இமை வீங்கியது, பிறகு கால் வீங்கியது. சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது என்றார்கள் மருத்துவமனையில். கொடுத்த மாத்திரை நோயை அடக்கியது. ஆனால் முகத்தை உப்ப வைத்து, வளர்த்தியையும் நிறுத்திவிட்டது. அந்த வருஷம் ஓர் அளவு கூட்டி வாங்கியிருந்த கவுன் கிறிஸ்மஸ் அன்று தரையைத் தொட்டது. அடுத்த கிறிஸ்மஸுக்கும் அதையே போட்டாள், அப்போதும் நீளம்தான். கோவிலில் பார்த்தவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் எதையாவது சொல்லுகிற ஆன்ட்டிகள் வாயை மூடிக்கொண்டதுதான் பெவர்லியை அறுத்தது.

இந்த வருஷம் சாப் கோ மே முடிந்ததும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கைப்பேசியைத் திறந்தாள். அவள் சொல்படி தீபாவளித் துணி வாங்கிப் பழகிய சுபாஷினி பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என்னா ஏழு வயசு சைஸ் போடுறீங்க? நவோமிக்கு ஒம்போது ஆச்சு லா."

"இருக்கட்டும் சுபா."

"டிசம்பர்ல போடப்போற துணி. பெருசா எடுங்கக்கா. நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"உனக்குச் சொன்னேன். உன் பிள்ள வளருது."

சுபாஷினி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பெரிய அளவாக வாங்கி, அது மறுபடியும் தொங்குவதைப் பார்க்கும் தெம்பு பெவர்லிக்கு இல்லை. ஏழு வயது அளவையே அழுத்திவிட்டாள். அழுத்திய பிறகு, பெற்ற பிள்ளை வளராது என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

ஏப்ரலில் பார்சல் வந்தது. பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாள்.

அதற்குள் மருத்துவர் புது மருந்து ஒன்றைத் தொடங்கி, பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். தினமும் காலையில் சிறுநீரில் ஒரு சோதனைக் காகிதத்தை நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பெவர்லி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மருத்துவமனையில் உயரம், எடை எல்லாம் எடுக்கத்தான் செய்தார்கள், ஆனால் சிறுநீர் முடிவைத் தவிர வேறொன்றும் அவள் காதில் ஏறவில்லை. பள்ளிச் சீருடையோ நோய்க்கு முன்பே தொளதொளவென்று வாங்கியது. அந்தச் சீருடைக்குள் பிள்ளை என்ன ஆனாள் என்று யார் கண்டார்கள்?

டிசம்பர் வந்தது. மற்ற வருஷங்களில் மாதம் பிறந்த முதல் ஞாயிறே மூன்று பேரும் துணியைப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். இந்த முறை பெவர்லி நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை, கூடத்தில் ஜெஃப்ரியும் நவோமியும் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெவ், துணியை எடுக்கலியா? எனக்கு வயிறு போட்டிருக்கு. சட்டை பத்தலன்னா இப்பவே சொல்லிடு," என்றான் ஜெஃப்ரி.

"உங்க வயித்துக்குச் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன்."

"அப்ப எடு லா."

இனிச் சாக்குச் சொல்ல முடியாது. பார்சலைப் பிரித்தாள். நவோமி கவுனைப் பறித்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை.

"மம்மி, கை போக மாட்டேங்குது. டைட்டா இருக்கு."

பெவர்லிக்கு ஒன்றுதான் தோன்றியது. வீக்கம்! திரும்பவும் வந்துவிட்டது. காலையில் காகிதம் நன்றாகத்தானே இருந்தது, சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேனா? கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அறைக்குள் பாய்ந்தாள். பாதிக் கவுனில் மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தினாள். நீர் கோத்திருந்தால் அங்கே குழி விழும் என்று மருத்துவமனையில் காட்டிக் கொடுத்திருந்தார்கள். விரலை எடுத்தாள். குழி இல்லை. அடுத்த காலை அழுத்தினாள். அங்கும் இல்லை. இமையைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் என்று எதுவுமில்லை.

"மம்மி, வலிக்குது."

"சேசுவே, அப்புறம் ஏன்டி டைட்டா இருக்கு?"

வாசலில் ஜெஃப்ரி கையில் வைக்கோலோடு நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியாது.

"பெவ், வீக்கம் இல்ல. கவுன் எங்க நிக்குதுன்னு பாரு."

முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டிய கவுன் தொடையிலேயே நின்றுவிட்டது. தோள் தையல் கழுத்துப் பக்கம் ஏறிக் கிடந்தது. பெவர்லி எழுந்து நின்றாள். இடுப்புக்குச் சற்று மேலே நின்ற பிள்ளையின் தலை இப்போது அவள் மார்பைத் தொட்டது. எப்போது வந்தது இது? தினமும் தலை வாரி விட்ட கைக்குத் தெரியாமலா வந்தது?

அப்படியே பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் கணக்கு தோற்றுப்போனதில் இத்தனை சந்தோஷம் உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது. நவோமிக்கு மூச்சு முட்டியது, கவுனில் தையல் விட்டது.

"ஸாரி மம்மி, கிழிஞ்சிருச்சு."

"கிழியட்டும்டி. நல்லாக் கிழியட்டும்."

சரி, அழுதாயிற்று. பிள்ளைக்குத் துணி வேண்டுமே? கப்பலை மறந்துவிட வேண்டியதுதான். விமானத்தில் வந்தாலும் ஆங்கிலப் புத்தாண்டுக்குத்தான் வரும். ஜார்ஜ்டவுனிலேயே உள்ள ஓர் இணையக் கடை அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவதாகப் போட்டிருந்தது. அவளே எத்தனையோ பேரிடம், பண்டிகை வாரத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொன்ன வகைக் கடை. சிவப்பில் நவோமியின் அளவு தீர்ந்துபோயிருந்தது. பச்சையும் இல்லை. நீலம் ஒன்றுதான் இருந்தது.

ஜெஃப்ரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திகைத்தான். "நீலமா? நாம ரெண்டு பேரும் சிவப்பு. அதோட தள்ளுபடியே இல்லாம எடுக்கறே!"

"ஆமா."

"கூப்பனாவது போடேன்."

"ஒண்ணும் வேணாம்ங்க. முழு வெல குடுத்தே எடுக்கறேன். நன்றி சொல்லிட்டுக் குடுக்கறேன்."

அப்படியே செய்தாள். வாய்விட்டு, "ஆண்டவரே, நன்றி," என்று சொல்லிவிட்டுத்தான் பணம் செலுத்தும் பொத்தானைத் தொட்டாள். அளவு மட்டும் பழைய வழக்கப்படி ஒன்று கூட்டியே போட்டிருந்தாள். மருத்துவருக்கும், பெயர் தெரியாத நர்ஸுகளுக்கும், அன்று அதிகமாய்க் கேட்டு நச்சரிக்காமல் விட்ட சுபாஷினிக்கும் மனசுக்குள் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டே வாசலில் நின்றாள். சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு பார்சலோடு வந்தவனை உள்ளே கூப்பிட்டு, கேக்கும் காப்பியும் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

கிறிஸ்மஸ் காலையில் கோவில் நிரம்பி வழிந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அமலம்மாள் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக எதுவும் பேசாமல் தலையை மட்டும் தடவிவிட்டுப் போனவர்.

"என்னா பெவர்லி, நீங்க ரெண்டு பேரும் சிவப்பு, பிள்ளைக்கு மட்டும் நீலமா? உன் கணக்கு தப்பாதே!"

"தப்பிப்போச்சு ஆன்ட்டி. சிவப்பு பத்தல. வளந்துட்டா."

ஆன்ட்டி நவோமியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெவர்லியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பெவர்லியை நிறுத்த முடியவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள், வெளியே நிறுத்திய காடியை எடுத்து வீட்டுக்கு ஓட்டப் போனவர்கள், வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர், யாரையும் விடவில்லை. அவர்கள் யாரும் நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சிவப்புத்தான் வாங்கினேன்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "பத்தல. வளந்துட்டா."