புகையில்லாத வெள்ளிக்கிழமை

ஃபாயிசாவின் வீட்டில் எந்நேரமும் அத்தர் மணக்கும். தகப்பனார் அத்தாவுல்லாவுக்குப் பல்லாவரத்தில் அத்தர் கடை. சரக்கெல்லாம் கீழ்க்கட்டளை வீட்டில்தான். அதனால் தன் நீல வண்டுகளை அவள் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி மாமியின் மாடி அறையில் வைத்திருந்தாள். எந்தச் செடியில் முட்டையிடுவது என்பதை இந்த வண்டுகள் இலையின் வாசனையை வைத்துத்தான் முடிவு செய்யும்.

வலைக்கூண்டுக்குள் ஒரு தொட்டியில் நெல் நாற்று. பக்கத்திலேயே, வயலில் களையாக மண்டும் நீர்க்கிராம்பு. வண்டு களையை மட்டும் தேடிப்போய் முட்டையிட்டால், புழுக்களும் களையையே தின்னும். உழவருக்கு மருந்துச் செலவு மிச்சம். சனிக்கிழமை அவள் படிக்கும் தாம்பரம் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஸ்ரீரங்கன் நேரில் பார்க்க வருகிறார். முட்டை இல்லையென்றால் ஆய்வைக் கைவிட வேண்டியதுதான்.

புதன்கிழமை வரை ஒரு முட்டைகூட இல்லை. வண்டுகள் இரண்டு செடியையும் விட்டுவிட்டு வலையின் மூலையில் ஒண்டிக் கிடந்தன.

அன்று மாலை அவள் மாடியேறியபோது, மாமி தூபக்காலோடு கூண்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை.

"வாடிம்மா! தினம் விளக்கேத்தினதும் இவாளுக்கும் ஒரு சுத்து காட்டிடறேன். வயித்துப்பிள்ளைக்காரிகள் இல்லையோ!"

ஃபாயிசாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் சாமிக்குக் காட்டும் புகையை இவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"ஏன் மூஞ்சி தொங்கறது?"

"ஒண்ணுமில்ல மாமி."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்கறது? சொல்லு."

"கோச்சிக்காதீங்க மாமி. இந்தப் புகையில அதுங்களுக்கு எந்த இலை எதுன்னே தெரியல."

மாமி புகையைப் பார்த்தார். வண்டுகளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அடி அசடே! அத்தருக்குப் பயந்து இங்க வந்தே. நான் சாம்பிராணியால அமுக்கிட்டேனா!"

"சாமி காரியத்த எப்படி மாமி நிறுத்தச் சொல்றது?"

"அம்பாளும் தாயார்தானே, பொறுத்துப்பா. அவளுக்கும் ரெண்டு நாள் கண்ணெரியாம இருக்கட்டும்."

அன்போடு கொடுப்பது பலருக்கும் வரும். கொடுத்ததை அதே அன்போடு நிறுத்திக்கொள்ள மாமிக்கு வந்தது.

ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து ஃபாயிசா புதுச் செடி கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை அம்பாளுக்கு மல்லிகைக்குப் பதில் மணமில்லாத செம்பருத்தி. புகை இல்லை. ஃபாயிசா தொழுதுவிட்டு, வண்டுகளுக்காகக் கேட்கலாமா என்று சற்றே கூச்சப்பட்டு, கேட்டும்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். நீர்க்கிராம்பின் அடியில் மஞ்சள் மஞ்சளாய் முட்டைகள். நெல்லில் ஒன்றுகூட இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! மாமி, ஓடி வாங்க!"

மூச்சிரைக்க வந்த மாமி, குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சமத்துக் குட்டிகள்! உங்க சார் எப்போ வரார்?"

"பத்து மணிக்கு மாமி."

"பாத்ததும் சீக்கிரம் அனுப்பிடு. மணம் மேல வந்துடப்போறதேன்னு ரசத்துக்குப் பெருங்காயம்கூடப் போடல. மாமா ரெண்டு நாளா என்னோட பேசறதில்ல."