ஒரே லோடு

பொன்னேரிக் கடையில் அந்த வாஷிங் மெஷினைத் தேர்ந்தெடுத்தவள் ஷைனி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணன் சாம்சனுக்கு விலை குறைந்த வேறொன்று பிடித்திருந்தது.

"அது குடம் குடமா குடிக்கும்ணா. இதுக்குப் பாதித் தண்ணி போதும்."

"தண்ணியே இல்லாம தோய்க்கிற மெஷின் கீதான்னு கேளு. நம்ம ஊட்டுக்கு அதான் சரி" என்றான் சாம்சன். கடைக்காரரும் சிரித்தார்.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். போர்த் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும்.

சாம்சனுக்குப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் வேலை. அவன் யூனிபாரத்தை அண்ணி விக்டோரியா பின்பக்கம் தனி வாளியில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவாள். மெஷின் வந்த அன்றும் தனியாகவே எடுத்து வைத்தாள்.

"அதையும் இதுலயே போடுங்க அண்ணி. டிரம் ரொம்பினாத்தான் தண்ணி மிச்சம்."

"பாப்பா துணிகூடயா? இன்னாம்மா நீ!"

"எல்லாம் சோப்புல போயிடும் அண்ணி."

விக்டோரியா போட்டாள். அன்றிலிருந்து எல்லாம் ஒரே லோடு.

மழைக்காலம் முடிந்ததும் குழந்தை பென்னிக்கு வயிற்றுவலி வந்தது. சோறு இறங்கவில்லை. 'அத்தை' என்று கூப்பிடப் பழகியிருந்தவன் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டான். பூச்சி மருந்துக்கும் கேட்கவில்லை, ஜெபத்துக்கும் கேட்கவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

"ரத்தத்துல ஈயம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. சாம்சனின் வேலையைக் கேட்டுக்கொண்டபின், "அவர் டிரெஸ்ஸ எப்படித் துவைக்கிறீங்க?" என்றார்.

"மெஷின்லதான் மேடம், எல்லாத்தையும் ஒண்ணா." விக்டோரியா ஷைனியைக் காட்டினாள். "படிச்ச பொண்ணு, இதுதான் சொல்லிச்சு."

அவள் குத்திக் காட்டவில்லை. டாக்டர் மெச்சுவார் என்று நினைத்தாள்.

"அந்த ஈயத் தூசி அவ்வளவு சுலபமாப் போகாதும்மா. கொஞ்சத் தண்ணில சேர்த்து அலசினா, புள்ள துணியிலயும் ஏறிக்கும்."

மருந்து கொடுத்து ரத்தத்தில் இருப்பதைக் குறைக்கலாம் என்றார். பேச்சு திரும்புமா என்று விக்டோரியா கேட்டதற்கு, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷைனி மெஷின் கதவைத் திறந்து, ரப்பர் மடிப்பை விரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறச் சேறு. அதில் ஒட்டிக்கொண்டு, பென்னியின் காணாமல் போன சாக்ஸ்.

பின்பக்கம் விக்டோரியா பழைய வாளியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஷைனி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பென்னியின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நான் யாரு, பென்னி?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.