சுலேமா அடித்துப்போட்ட கேள்விகள்

முப்பத்தொரு வருஷம் புவெனோஸ் ஐரிஸ் தெருக்களில் பஸ் ஓட்டியவர் எவரிஸ்தோ. குறுக்கே பாயும் டாக்ஸி, கூட்டத்தில் கைகலப்பு, மழையில் அணைந்துபோன சிக்னல், எல்லாம் பார்த்தவர். ஒரு நாள்கூட யார் மேலும் மோதியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை நேராக ஓட்டத் தெரியவில்லை. நாலு வியாழக்கிழமையாக எழுதுகிறார், நாலு வியாழக்கிழமையாக அது அடிபடுகிறது.

அடிப்பவர் சுலேமா. போயெதோ பேட்டையில் பட்டன் கடைக்கு மேலே மாடியில் டாரட் சீட்டுப் பார்க்கிறவர். 'வசியம் செய்வதில்லை. செய்வினை எடுப்பதில்லை. நேரம் சொல்லிவிட்டு வரவும்' என்று கதவில் அட்டை தொங்கும். மற்ற இடங்களில் போய் உட்கார்ந்ததும் சீட்டைக் கலைப்பார்கள். சுலேமாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. முதலில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும்தான் வரும். கேள்வியை எழுத வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். பிடிக்காவிட்டால் ஒரே கோடு. கேள்வி ஒழுங்காகும் வரை சீட்டுக்கட்டைத் தொட விடமாட்டார். பள்ளிக்கூட வாத்தியார்கூட இவ்வளவு அடிக்க மாட்டார் என்று பேட்டையில் பேச்சு. ஆனாலும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எவரிஸ்தோவின் சிக்கல் இதுதான். மனைவி இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் எர்நான் தெற்கே நெயுக்கேனில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கென்று ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, ஹீட்டரும் மாட்டிவிட்டான். இங்கே இருக்கிற வாடகை வீட்டின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறேன், பெட்டியைக் கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டான். பையன் தங்கம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வெள்ளையடித்த அறையை நினைத்தாலே இவருக்குப் போக மனசு வரவில்லை. வராததற்குக் காரணம் நெயுக்கேனில் ஓயாமல் அடிக்கிற காற்று அல்ல, சுலேமா.

அந்த அம்மா பல வருஷம் இவருடைய பஸ்ஸில் போனவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நிற்பார். ஒரு நாள் ஒருவன் ஏறி, "எங்க இறங்கணும்?" என்று பொதுவாகக் கேட்டபோது, எவரிஸ்தோ வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "போற இடத்தைச் சொல்லுப்பா மொதல்ல. அவரு என்ன ஜோசியரா?" எவரிஸ்தோ தலைக்கு மேலிருந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேசியது மட்டும் கிடையாது. பிறகு ஓய்வு பெற்றார், பஸ்ஸும் போயிற்று, கண்ணாடியும் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, சட்டைக்குப் பட்டன் வாங்க வந்த இடத்தில் மாடிப்படியில் அந்தக் குரல் கேட்டது. சட்டைப் பட்டனை மறந்துவிட்டு நேரம் குறித்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுதான் இல்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதென்று முடிவு கட்டிவிட்டார்.

முதல் வாரம் 'நான் நெயுக்கேனுக்குப் போவேனா?' என்று எழுதினார்.

"இதைச் சீட்டுகிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றார் சுலேமா. "கால் உங்களோடது. அதைக் கேளுங்க. ஆமா, இல்லன்னு பதில் வர்ற கேள்விக்கு ஒரு காசைச் சுண்டிப் போட்டா போதும், மாடி ஏற வேணாம்."

அரை மணி மல்லாடி, 'போனால் எதை விட்டுவிட்டுப் போகிறேன்?' என்று கேள்வி தேறியது. மூன்று சீட்டு விழுந்தது. விளக்குப் பிடித்த கிழவர், கவிழ்ந்த கோப்பைகள், நட்சத்திரத்துக்கடியில் தண்ணீர் ஊற்றும் பெண். சுலேமா அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்து, "எதைன்னு எழுதியிருக்கீங்க. இங்க யாரையோ போல இல்ல இருக்கு," என்றார். எவரிஸ்தோவுக்கு இருமல் வந்துவிட்டது. வசதியான இருமல்.

இரண்டாம் வாரம் கொஞ்சம் துணிந்து, 'அந்தப் பெண்மணிக்கு என் மேல் பிரியம் உண்டா?' என்று எழுதிக்கொண்டு வந்தார். வீட்டிலேயே நல்ல கையெழுத்தில் எழுதியது. சர்ரென்று கோடு.

"இங்க இல்லாதவங்க மனசுக்குள்ள நான் எட்டிப் பாக்க மாட்டேன், எவரிஸ்தோ ஐயா. அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கிறவளா நான்? உங்களப் பத்திக் கேளுங்க. நீங்க என்ன செய்யலாம்னு கேளுங்க."

மூன்றாம் வாரம் 'எப்போது சொல்லலாம்?' என்று வந்து நின்றார். "தேதி வேணும்னா கீழ கடையில காலண்டர் தொங்குது," என்று பதில் வந்தது. கேட்க வந்த விஷயத்தை அப்படியே முழுங்கிவிட்டு, கொண்டுவந்த மெடியாலுனா ரொட்டியையும் அவரே பாதி தின்றுவிட்டு இறங்கினார்.

இது நாலாவது வாரம். கடைசி வியாழன். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்துவிடுவான்.

மணி நாலு. ஜன்னல் வழியே வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. ஐந்து காகிதம் ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தன. சுலேமா மாத்தே என்கிற பச்சிலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி, குழலில் ஒரு இழுப்பு உறிஞ்சிவிட்டு, ஆறாவதைப் படித்தார்.

"'நான் சொன்னால் அவர் சிரிப்பாரா?'" உரக்கவே படித்தார். "மறுபடி அடுத்தவங்க கிட்டயே போறீங்களே. சிரிப்பாங்களோ, அழுவாங்களோ, அது அவங்க வாய். பஸ்ஸ நீங்க ஓட்டுறப்ப எதிர்ல வர்றவன் மனசுல என்ன இருக்குன்னு பாத்தா ஓட்டினீங்க?"

"கொஞ்சம் பாக்கத்தான் வேணும், சென்யோரா. இல்லன்னா மோதிரும்."

"மோதட்டுமே. இந்த வயசுல ஒரு தடவை மோதினா என்ன கெட்டுப்போச்சு?"

எவரிஸ்தோ பென்சிலைப் பார்த்தார். அது பாதியாகத் தேய்ந்திருந்தது. அறுபத்தெட்டு வயதில், ஓய்வூதியம் வாங்குகிற மனுஷன், காதுமடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ரெண்டு போடலாம் போலவும் இருந்தது.

"கடைசியா ஒரு தடவை சொல்றேன்," என்றார் சுலேமா. "இங்க இல்லாத ஆளப் பத்தி..."

"இங்கதான் இருக்காங்க."

சொல்லிவிட்டார். எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

சுலேமா குடுவையைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பிறகு சீட்டுக்கட்டை எடுத்து, துணியில் சுருட்டி, முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார். அப்புறம் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி நீட்டினார்.

"உங்களுக்கு இனிமே நான் சீட்டுப் போடுறதா இல்ல. இது தெல்ஃபினா விலாசம். அவளும் சீட்டுப் பாக்கிறவதான். அஞ்சு தெரு தள்ளி. இன்னிக்கே போங்க."

"சென்யோரா, நான் தப்பா ஒண்ணும்..."

"போங்கன்னா போங்க."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. எவரிஸ்தோ படியிறங்கினார். ஆழம் தெரியாமல் காலை விட்டாயே, மடையா, வியாழக்கிழமை என்று ஒன்று இருந்தது, அதையும் கெடுத்துக்கொண்டாயே என்று தன்னைத்தானே திட்டினார். இதற்குமேல் பெட்டி கட்டுவதுதான் பாக்கி. கட்டிவிட்டு நெயுக்கேனில் போய்க் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வீட்டுக்குத்தான் நடந்தார். ஆனால் போகச் சொன்னாரே என்று கால் ஐந்து தெரு தள்ளிப் போய் நின்றது. அவர் சொல்லி இவர் எதைத்தான் தட்டியிருக்கிறார்?

தெல்ஃபினா சமையலறையிலேயே தொழில் பார்க்கிறவர். குண்டான, வாய் ஓயாத பெண்மணி. எவரிஸ்தோ போனபோது பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தார். சீட்டுக்கட்டு உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

"நேரம் சொல்லி வந்தீங்களா?"

"இல்ல. சென்யோரா சுலேமா அனுப்பினாங்க."

கத்தி நின்றது.

"யாரு?"

"பட்டன் கடை மாடியில..."

"சுலேமாவ எனக்குத் தெரியாதா? அவ அனுப்பினாளா? அவளா?" தெல்ஃபினா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அடங்காத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எவரிஸ்தோவுக்கு எரிந்தது. "சிரிக்க இதுல ஒண்ணுமில்ல. அவங்க என்னைத் தொரத்திட்டாங்க. மனசுல இருந்ததச் சொன்னேன், தொரத்திட்டாங்க. அவ்வளவுதான். சீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். வர்றேன்."

"அட உக்காருங்க, மனுஷா. மொதல்ல உக்காருங்க." தெல்ஃபினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க அவகிட்ட?"

எவரிஸ்தோ மென்று முழுங்கிச் சொன்னார். நாலு வாரத்துக் கேள்விகளையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் சொன்னதையும் சொன்னார். தெல்ஃபினா குறுக்கே பேசவில்லை. வழக்கத்தில் இல்லாத காரியம்.

"எங்க தொழில்ல ஒண்ணு இருக்கு," என்றார் கடைசியில். "எந்த விஷயத்துல நம்ம மனசு போய் உக்காந்திருக்கோ, அதுக்கு நாமளே சீட்டுப் போடக் கூடாது. போட்டா என்ன ஆகும் தெரியுமா? புடிச்ச பதில் வர்ற வரைக்கும் கலைச்சுக்கிட்டே இருப்போம். நான் அப்படிக் கெட்டிருக்கேன். ஒருத்தனுக்காக ராத்திரி பூரா பதினேழு தடவ கலைச்சேன், பதினேழாவது தடவ நல்லா வந்துச்சு, கட்டிக்கிட்டேன். அவன் லட்சணம் இப்ப எதுக்கு? ஆனா சுலேமா கெட்டதே இல்ல. அவ அந்த விஷயத்துல கல்லு. தனக்குச் சம்பந்தம் உள்ள ஆளுன்னா சீட்டுக்கட்டையே மூடி வச்சிருவா. என்கிட்ட அனுப்பிருவா."

"நெறைய பேர அனுப்புவாங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா பழக்கம். ரெண்டே பேர அனுப்பியிருக்கா. ஒண்ணு அவ கூடப்பொறந்த தங்கச்சி." பூசணித் துண்டு ஒன்றை எடுத்துப் பானையில் போட்டார். "இன்னொண்ணு அவ புருஷன் ராமிரோ. செத்துப்போனானே, அந்தப் புண்ணியவான்."

எவரிஸ்தோவின் கையில் இருந்த தொப்பி தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க," என்றார் தெல்ஃபினா. "வந்தது வந்துட்டீங்க. என்ன கேள்விக்குப் போடட்டும்?"

"கேள்வி ஒண்ணும் இல்ல."

"அப்ப எந்திரிங்க. சூப்பு வேகணும். உங்களப் பாத்துக்கிட்டிருந்தா என் வீட்டுல சாப்பாடு ஆகாது."

திரும்பி வந்த வேகத்துக்கு அந்தக் காலத்தில் அவருக்குப் பஸ் கம்பெனி அபராதம் போட்டிருக்கும். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பாதியில் நின்றார். இங்கேதான் பயம் வந்தது. துரத்தப்பட்டபோது வராத பயம் இப்போது வந்தது. தெல்ஃபினா சொன்னது நிஜமாக இருந்தால் இனிமேல் சுற்றி வளைக்க வழி கிடையாது. துண்டுக் காகிதம் கிடையாது. எழுதிக் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டு உட்கார முடியாது. சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும். ஆனது ஆகட்டும் என்று கதவைத் தட்டினார்.

சுலேமா கதவைத் திறந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அந்த முகம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"சீட்டுப் போட்டாளா?"

"இல்ல."

"என்ன சொன்னா?"

"இங்க இல்லாதவங்க சொன்னதப் பத்தி இங்க பேசக் கூடாது இல்ல?"

சுலேமாவின் உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் நெளிந்தது. ஆனால் வழி விடவில்லை, வாசலிலேயே நின்றார்.

"அவ வாயி எனக்குத் தெரியும். எல்லாத்தையும் கொட்டியிருப்பா. சரி, திரும்பி வந்திருக்கீங்களே, எதுக்கு?"

எவரிஸ்தோ தொப்பியைத் தேடினார். அது தெல்ஃபினா வீட்டுத் தரையில் கிடந்தது. வெறும் கையோடு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை என் பையன் வர்றான். என்னைக் கூட்டிட்டுப் போக. நான் வரலன்னு அவன்கிட்ட சொல்லப்போறேன். அவன் எனக்குன்னு அறை கட்டியிருக்கான், அவன் முகம் வாடும், அதப் பாத்தா நான் பேச்ச மாத்திருவேன். எனக்கே என்னைத் தெரியும்." மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் அதச் சொல்லும்போது நீங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்களா?"

சுலேமா அந்தக் கேள்வியை மனசுக்குள் ஒரு தடவை படித்துப் பார்ப்பதுபோல் நின்றார். பார்க்கிற பார்வையிலேயே எவரிஸ்தோவுக்குத் தெரிந்துவிட்டது, கோடு எங்கே விழும் என்று தேடுகிறார். இன்னொரு தடவை அடித்தால் தாங்காது என்று நினைத்தார்.

"எத்தனை மணிக்கு வர்றான்?" என்றார் சுலேமா.