அடுத்த வீடு தெரியும் பெட்டி

எங்கள் நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்திருக்கும் பொழுதுபோக்குப் பெட்டியில் அடுத்த வீடு தெரியும். பின்னணி இசையைப் பெட்டியே சேர்த்துக்கொள்ளும். கேபிள் வேண்டாம், சந்தா இல்லை. அடுத்த வீடு இல்லாத மனிதர் அரிது என்பதால், இதன் விற்பனை குறித்து எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. முதல் பெட்டியை ராசிபுரத்தில் விற்கும் பொறுப்பை மேலாளர் என்னிடம் கொடுத்தார். அங்கே விற்காவிட்டால் தொழிற்சாலையில் ஊறுகாய் போடத் தொடங்கிவிடுவார்கள்.

நான் மங்கையர்க்கரசி அம்மாளின் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். பாகப்பிரிவினையின்போது ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் தனகோபால் இருந்தார். சுவர் வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பெட்டியை மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினேன். தனகோபால் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். வீணை ஒலித்தது.

"எளைச்சுட்டாரு," என்றார் அம்மாள். பிறகு, "வீணை வேண்டாங்க. அண்ணனுக்கு நாதஸ்வரம்தான் பிடிக்கும்" என்றார்.

இசையை மாற்றினேன். தனகோபால் கைகழுவிவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, எரியாத பல்பைக் கழற்றத் தொடங்கினார். தவில் சேர்ந்துகொண்டது.

"அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். பங்கு பிரிக்கிறப்போ நான் கேட்டேன், தரல."

தவில் வேகமெடுத்தது. அம்மாள் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் கதவு திறந்தது. அம்மாள் உள்ளே வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். தனகோபால் குனிந்து பார்த்தார்.

"கெட்டியாப் பிடி, அரசி," என்றார்.

பல்ப் எரிந்ததும் இருவரும் அழுதார்கள். படம் மிகத் துல்லியமாக இருந்தது.

அம்மாள் திரும்பி வந்தபோது அண்ணனும் கூட வந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க. இவ மட்டும் என்னைப் பார்த்தா எப்படி? இவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு நான் பார்க்க வேண்டாமா?"

ஒரு பெட்டி விற்றால் பக்கத்தில் இன்னொன்று தானே விற்கும் என்று மேலாளருக்குப் போன் செய்தேன். ஊறுகாய்ப் பேச்சு அதோடு நின்றது.

சுவரை இடித்துவிடலாமா என்று அண்ணனும் தங்கையும் என்னிடம் யோசனை கேட்டார்கள். இடித்தால் இருவருக்குமே அடுத்த வீடு இல்லாமல் போகும் என்றேன். ஒப்புக்கொண்டு, சுவரில் ஒரு கதவு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பெட்டிகள் வந்துவிட்டன. எல்லோரும் வீட்டுக்குள் நல்ல துணி உடுத்தினார்கள். பக்கத்து வீட்டார் சாப்பிட்டு வந்து உட்காரும்வரை சண்டைகளைத் தள்ளிவைத்தார்கள். தெருக்கோடியில் இருந்தவருக்கு மட்டும் அடுத்தது ஏரி. அவர் அதையே பார்த்தார், குறை சொல்லவில்லை.

ஏரிதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றது. எந்தக் கரையில் வைக்கட்டும் என்று கேட்டேன்.

"மேக்குக் கரையில வைங்க," என்றது ஏரி. "கெழக்கால வெச்சா சாயங்கால வெயில் திரையில விழும்."