மாஸ்டர் பார்த்த கோட்டு

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும் எங்கள் வீட்டுக்கு ஹாலிவுட்காரர்கள் வந்துவிடுவார்கள். எல்லாம் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக்காரர்கள். தொப்பி வைத்த ஆண்கள், புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்ட பெண்கள். நாற்பத்து நான்கு வருஷக் குடும்பத்தில் நானும் இவரும் சண்டை போடாமல் ஒத்துப்போன விஷயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் படங்கள் அதில் முதல் விரல்.

இவர் தையல்காரர். கோட்டும் சூட்டும் மட்டுமே தைத்தவர், எல்லாருக்கும் 'மாஸ்டர்'. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஆகவே அவர் துணியைப் பார்ப்பார், நான் பேச்சைக் கேட்பேன். இங்கிலீஷ் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது. அவருக்குக் காலர், பட்டனுக்கு மேல் தெரியாது.

"எக்ஸ்சேஞ்சு, இப்ப என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்பார்.

"உன்னை விட்டா எனக்கு யாருமே இல்லைங்கறான்."

"அதுக்கு அவ?"

"இதையேதான் போன வாரம் என் தங்கச்சிகிட்டயும் சொன்னீங்களாமேங்கறா."

"சொல்லியிருப்பான். தோளைப் பாரு, ஒரு சுருக்கம் உண்டா? இப்படி ஒரு கோட்டு மாட்டினவன் உண்மை பேசவே மாட்டான்."

நான் பார்க்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் படம் பார்ப்பேன். கண் திறந்திருந்தால் எனக்குக் காது பாதி அடைத்த மாதிரி இருக்கும். அதிலும் அந்தப் படங்களில் ஒருத்தர் வாயிலிருந்து சொல் விழுவதற்குள் இன்னொருத்தர் பிடித்துத் திருப்பி எறிந்துவிடுவார். எனக்கு ஒரே ஒரு குறை, போன் பேசி முடித்ததும் எல்லாரும் டக்கென்று வைத்துவிடுவார்கள்.

"வச்சிடறேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்பேன்.

"மொத்தப் படமே ஒண்ணரை மணி நேரம். அதுல மரியாதைக்கு எங்கடி இடம்?" என்பார்.

சேனலில் ஒரு முப்பது படத்தையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். அதனால் போன செவ்வாய்க்கிழமை மருமகன் பென் டிரைவில் பன்னிரண்டு படம் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "எதுவும் நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க அத்தை" என்றார். மாஸ்டர் மட்டும், "எதுக்கு மாப்பிள்ளை, பழசே போதுமே" என்றார். கிண்டல் என்று நினைத்துவிட்டேன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு முதல் படத்தைப் போட்டோம். கதாநாயகன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றான்?"

"ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைன்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொல்றான்."

"சொல்லட்டும். ஆனா கோட்டைப் பாரேன். இடுப்புல எப்படிப் பிடிச்சு நிக்குது!"

குரலில் அப்படி ஒரு உற்சாகம். சரி, இவ்வளவு சொல்கிறாரே என்று கண்ணைத் திறந்தேன்.

திரையில் நீச்சல் குளம். கதாநாயகன் வெற்று மார்போடு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தான். இடுப்பில் ஒரு துண்டு.

முதலில் சிரித்துவிட்டேன். "அந்தத் துண்டுக்கா மாஸ்டர் இவ்வளவு பாராட்டு?"

அவர் சிரிக்கவில்லை. நான் படத்தை நிறுத்தினேன். அப்போதுதான் அவர் நாற்காலியைக் கவனித்தேன். சோபாவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலி தரையில் பதித்த சதுரக் கல்லில் நாலு தாண்டி டிவிக்குப் பக்கத்தில் போயிருந்தது. இத்தனை நாள் தோள், மடிப்பு, பட்டன் என்று அவர் சொன்னதெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்து விட்டவை. நானோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் இந்த வீட்டில் படத்தைப் பார்த்தது யார்?

"எத்தனை நாளா?" என்றேன்.

"என்ன எத்தனை நாளா?"

"மழுப்பாதீங்க."

முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆறேழு மாசம் இருக்கும். ஒரு கண்ணுல பனி. இன்னொண்ணுல வெறும் நிழல்."

"டாக்டர் கண்ணாடியை மாத்தினா போதும்னார்னு சொன்னீங்களே?"

"அவர் சொன்னது புரை. ரெண்டு கண்ணும் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னார். வியாழக்கிழமைல பண்றாங்களாம்."

"ஆறு மாசத்துல எத்தனை வியாழக்கிழமை வந்துச்சு, போச்சு?"

"எங்க அண்ணனும் பேஷாத்தான் போனார். வரும்போது ஒரு கண்ணு இல்ல."

"அது உங்க அண்ணன் கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி கண்ணைக் கசக்கினதால. ஊருக்கே தெரியும்."

"பயமா இருக்குடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. கத்தரி பிடித்துக் காய்த்துப்போன அவர் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் தள்ளிப்போட்டா என் மூஞ்சியும் நிழலாயிடும், அது பரவாயில்லையா?"

"உன் மூஞ்சி எனக்கு மனப்பாடம்."

"நாப்பது வருஷத்துக்கு முந்தின மூஞ்சி."

"அதான் போதுமே" என்றார். அப்படியே பேச்சை மாற்றி, "படத்தைப் போடு. இனிமே நீயே பாத்துச் சொல்லு. ரெண்டு வேலையும் உனக்குத்தான்" என்றார்.

சரியென்று போட்டேன். அடுத்தது விருந்துக் காட்சி. நான் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"என்ன போட்டிருக்கான்?"

"கோட்டு."

"என்ன கோட்டு?"

"கோட்டு மாதிரி கோட்டு."

"பட்டன் எத்தனை?"

"மூணு... இருங்க, ஒண்ணு பூ."

"காலர்?"

"இருக்கு."

"காலர் இல்லாமயா தைப்பான்! அகலமா, ஒடுக்கமா? பளபளன்னு பட்டுத் துணியா?"

"மினுங்குது. வேர்வையோ என்னவோ."

அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. "சரி, நீளம் சொல்லு. எதுவரைக்கும் வருது?"

உற்றுப் பார்த்தேன். "முன்னாடி வயித்தோட நின்னுடுச்சு. பின்னாடி மட்டும் ரெண்டு வால் மாதிரி தொங்குது. பாவம், துணி பத்தலை போல."

நாற்காலி கிறீச்சிட்டது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"துணி பத்தலையா! அது டெயில் கோட்டு, அப்படித்தான்டி தைக்கணும்! அதைத் தைக்கறதுக்கு நான் எத்தனை நாள்..." மூச்சு வாங்கியது. "நிறுத்து. படத்தை நிறுத்து. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

நம்பரைப் போட்டேன். நான் பேச வாயெடுப்பதற்குள் கையை நீட்டித் துழாவி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா, எனக்குத்தான். புரை. ரெண்டு கண்ணும்... நாளைக்கே வியாழக்கிழமைதானே, நாளைக்கு முடியாதா? அடுத்த வாரமா?... அவசரமான்னு கேக்கறீங்களா? அவசரம்தாம்மா. இங்க ஒருத்தி துணி பத்தலைங்கறா!"