அன்று காலை வரை நல்ல உடல்நலத்துடன்

இறந்துபோன வக்கீல்களுக்கென்று அந்த நீதிமன்றத்தில் ஒரு மணி நேரம் உண்டு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், முதல் ஹாலில் நீதிபதிகள் எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். அந்த நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பை ஆளுக்கு ஒரு பக்கமாக வக்கீல் சங்கத்தார் படிப்பார்கள். இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அப்புறம் அந்தப் பக்கங்கள் கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதோடு சரி.

இந்த முறை ஐந்து பேர். எழுதிப் படிக்கும் வேலை ஜூனியர் வக்கீல் எக்ஸ்பிரஸ் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவளே இழுத்துப் போட்டுக்கொண்டதுதான். மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது அவளுடைய சீனியர். ஐந்து பேரில் கடைசிப் பக்கம் அவருடையது.

இரண்டு வாரம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். முப்பத்திரண்டு வருஷம் வாடகை வழக்கு மட்டுமே நடத்தி, நூற்றுக்கணக்கான பேரை வீட்டை விட்டுப் போகாமல் காப்பாற்றியவர், கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்திருக்கிறார். பிரிந்துபோன பெற்றோர்களின் பிள்ளைகளுக்காகவே வாதாடிய ஒரு அம்மாளின் கவுன் பையில் எப்போதும் கலர் பென்சில் இருக்குமாம்; கோர்ட் வராந்தாவில் அழுகிற பிள்ளைக்கு முதலில் அதுதான் வரும். இன்னொருவர், ஒரே ஒரு நீதிபதியிடம் மட்டும் ஒரு வழக்கும் ஜெயித்ததில்லை. அந்த நீதிபதியோடுதான் தினமும் காலையில் நடக்கப் போவார். நான்காவது ஆளுக்கு வயது இருபத்தொன்பது. கவுன் போட்டு இரண்டு வருஷம். அவன் பக்கம் நான்கு வரியில் முடிந்துவிட்டது. அவனுடைய அண்ணன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கே, இவனுக்கும் கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டார். அவன் படித்த பள்ளிக்கூடம், விளையாடிய கேரம், முதல் வாதத்தில் நாக்குக் குழறியது என்று சேர்த்துச் சேர்த்து ஒரு பக்கத்தை நிரப்பினாள். நிரப்பி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

சீனியரின் பக்கத்துக்கு அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதுதான் ஓடவில்லை.

அவருக்கு அவசரம் என்றாலே ஆகாது. சாட்சி தயாராகவில்லை, வழக்குக் கட்டை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று தோன்றினால் போதும், காலையில் ஃபோன் வந்துவிடும்: இன்னைக்கு எனக்கு முதுகு வலி. எக்ஸ்பிரஸ் ஹாலில் போய் நின்று, சீனியருக்கு உடல்நலம் சரியில்லை, வாய்தா கொடுத்து வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்பாள். எந்த நீதிபதியிடம் எந்த வியாதியைச் சொன்னோம் என்று அவருடைய குமாஸ்தா ஒரு நோட்டே போட்டிருந்தார். ஒரே ஹாலில் ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்துவிடக் கூடாதே. உண்மையில் அந்த மனுஷர் தும்மிக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருமுறை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க சீனியர் உடம்புல நல்லா இருக்கிற பாகம் எதாவது பாக்கி இருக்காம்மா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. அவளும்தான்.

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஃபோன் வந்தது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். அவள் சிரித்தாள். போனாள், நின்றாள், வாய்தா வாங்கினாள். பதினொன்றரைக்குக் கட்டை எடுத்து வர அவர் வீட்டுக்குப் போன குமாஸ்தா, மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சீனியர் மேஜை முன்னால் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். அவர் மனைவி கணக்கு டீச்சர். எட்டரைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்.

உடலை எடுத்துப் போன அன்றைக்கே டீச்சரம்மா அவளைக் கேட்டார். கடைசி ஃபோன் உனக்குத்தான் போயிருக்கிறது, என்ன பேசினார் என்று. வாய்தா வாங்கச் சொன்னார்மா என்றாள். அது பொய்யில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மேலே ஒரு வார்த்தை பேசாதே என்று சாட்சிகளுக்கு அவள் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இப்போது தனக்கே சொல்லிக் கொண்டாள். அந்தப் பதிலை டீச்சரம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லோரிடமும், ஒன்பது பத்து வரைக்கும் வேலையாத்தான் இருந்திருக்கார், ஒரு வலியும் இல்லாமப் போயிட்டார், இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரே என்றார்.

கூட்டத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை, எழுதிய பக்கத்தைக் காட்டப் போனபோது அவரே பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'அன்று காலை வரை நல்ல உடல்நலத்துடன் பணியாற்றினார்.' கணக்கு டீச்சரின் கையெழுத்து, ஒரு எழுத்து மேலேயோ கீழேயோ போகாமல்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் ஹாலுக்கு வெளியே, மர பெஞ்சில் அந்தக் காகிதத்தோடு எக்ஸ்பிரஸ் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்த மனுஷருக்கு உடம்பு சரியில்லை என்று இதே ஹாலில் எத்தனை முறை சொன்னாளோ, கணக்கில்லை. ஒருநாளும் குரல் நடுங்கியதில்லை. இப்போது இந்த ஒரு வரியை வாய்க்குள் படிக்கும்போதே பாதியில் நிறுத்தினாள். இது பதிவேட்டில் ஏறும். ஏறினால் அப்புறம் அதுதான் நடந்தது என்றாகிவிடும். டீச்சரம்மாவுக்கும் அது போதும். அவளுக்குத்தான் போதவில்லை.

டீச்சரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், வழக்கமான வேகமெல்லாம் எங்கேயோ போய்விட, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அம்மா, இந்த வரியை என்னால படிக்க முடியாது. அன்னைக்கு அவர் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு எங்கிட்ட சொன்னார். நான் எப்பவும் போலன்னு நெனச்சுட்டேன்."

டீச்சரம்மா அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே எனக்கு."

அதற்கு எக்ஸ்பிரஸிடம் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில், உண்மையான பதில். சொன்னால் தன் கட்சிக்கு வாதாடுவது போல இருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா. போட்டிருக்கணும்."

டீச்சரம்மா காகிதத்தை வாங்கினார். தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். எழுந்து, கதவருகே நின்ற சங்கச் செயலாளரிடம் கொடுத்து, இவ படிக்க வேணாம், நீங்க படிங்க என்றார். செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எக்ஸ்பிரஸ் கடைசி வரிசையில் போய் நின்றாள். செயலாளர் வழக்குப் பட்டியல் வாசிக்கிற அதே குரலில் ஐந்து பேரையும் வாசித்தார். கலர் பென்சில் வந்த இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இருபத்தொன்பது வயசுக்காரனின் அண்ணன், பக்கம் முழுதாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, வாசிப்பவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனியரின் வருஷங்கள், வழக்குகள் எல்லாம் வேகவேகமாகப் போயின. அடித்த வரிக்கு முன்னால் செயலாளர் நிறுத்திக்கொண்டார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் அவளுக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

கூட்டம் கலைந்தது. அவள் படியிறங்கப் போனபோது, காலியான ஹாலுக்குள்ளிருந்து டீச்சரம்மா கூப்பிட்டார். முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் கல்லாக இருந்தது. பக்கத்து நாற்காலியைக் காட்டவில்லை. அவள் எதிரில் போய் நின்றாள்.

"என்ன சொன்னார்? ஒண்ணும் விடாம, அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

எக்ஸ்பிரஸ் கைகளைக் கட்டிக்கொண்டாள், கூண்டில் ஏறிய சாட்சி மாதிரி.

"'எக்ஸ்பிரஸ், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, இன்னைக்கு வாய்தா வாங்கிடு'ன்னார். நான் சிரிச்சேன். 'இது நோட்டுலயே இல்லாத வியாதி சார்'ன்னேன். அவரும் சிரிச்சார். சிரிச்சு, கொஞ்சம் இருமினார்."

"அப்புறம்?"

அவள் கட்டிய கைகளைப் பிரித்தாள்.

"அப்புறம் என்னன்னு கேக்கறேன்ல."

"'டீச்சருக்கு ஃபோன் கீன் போட்டுறாத. அவ பிள்ளைங்களுக்கு இன்னைக்குப் பரீட்சை, போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்துருவா. சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன்'னார். அதையும் விளையாட்டுன்னுதான் நெனச்சேன்மா. அவ்வளவுதான். வெச்சுட்டார்."

வெளியே அடுத்த வழக்குக்கான பெயரைக் கூப்பிட்டார்கள். டீச்சரம்மாவின் உதடு மட்டும் அசைந்தது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது போல. ஓடி வந்துருவா என்ற இடத்தில் அது நின்றுபோனது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எக்ஸ்பிரஸ் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். மன்னிப்பு அந்தக் கையில் இல்லை.

முந்தானையை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

எக்ஸ்பிரஸ் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.